மூச்சைப் பிடிக்கிற வெதூரியா

கதவுக்கு வெளியே ஆணியில் சிவப்புக் கம்பளிக் குல்லா தொங்குகிறது. உள்ளே வெதூரியா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். கதவைத் திறக்கக் கூடாது, தாழ்வாரத்தில் விரைந்து நடக்கக் கூடாது, அடுத்த அறையில் இருக்கும் நான் சுத்தியலைத் தொடக் கூடாது. அக்காவின் இரண்டு கண்ணும் நுண்ணோக்கியில் இருக்கும். வலது முழங்கைக்குக் கீழே பீன்ஸ் விதை நிரப்பித் தைத்த சின்னப் பை. விரல்களுக்கு நடுவே ஒரு பல்குச்சி, அதன் நுனியில் ஒட்டிய ஒற்றை இமைமுடி. கண்ணாடித் தட்டில் கிடக்கும் ஒரு பொடியை அந்த முடியால் ஏந்தி, இரண்டு விரற்கடை தள்ளியிருக்கும் பலகையின் குழியில் இறக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குள் யாராவது தும்மினால் ஏழு கோடி வருஷம் காற்றோடு போய்விடும்.

இறக்கிவிட்டால் நீளமாக ஒரு மூச்சு கேட்கும். "வந்துட்டியாடி என் தங்கம்" என்று ஒரு கொஞ்சலும் கேட்கும். பிறகு கை மட்டும் வெளியே வந்து குல்லாவை எடுத்துக்கொண்டு உள்ளே போகும். அது நேராக அவள் தலைக்குத்தான் போகும். அடுப்புச் சூடு காற்றைக் கிளப்பும் என்பதால் குளிர்காலத்திலும் அந்த அறையில் அடுப்பு கிடையாது.

எங்கள் நாட்டில் காற்றுக்குப் பயப்படாதவர் யாரும் இல்லை. எதிரெதிராக இரண்டு சன்னல் திறந்திருந்தால் போதும், காது குத்தும், பல் வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் கழித்து வயிறு கெட்டாலும் அந்தச் சன்னல்தான் காரணம். ஆகஸ்ட் வெயிலில் பேருந்துக்குள் வெந்துகொண்டே போவோம். எவனாவது சன்னலை நகர்த்தினால் வண்டி முழுக்கக் கத்தும். க்ளூஜ் பல்கலைக்கழகத்திலிருந்து மாதம் ஒரு முறை ஆராய்ச்சிக்கு வரும் டாக்டர் இலின்கா, "வெளிநாட்டுல போய் இப்படிச் சொன்னா நம்மள ஒரு மாதிரி பார்க்குறாங்க அக்கா" என்று சிரிப்பாள். "அவங்க வித்து பொறுக்கினது இல்ல டாக்டரம்மா, அதான் தைரியமா இருக்காங்க" என்பாள் அக்கா. காற்றுக்குப் பயப்பட நியாயமான காரணம் வைத்திருக்கும் ஆள் இந்த நாட்டிலேயே அவள் ஒருத்திதான் என்பது என் எண்ணம்.

அவள் பொறுக்குவது நீர்ப்பெரணியின் வித்து. நீர்ப்பெரணி என்பது பூவும் காயும் இல்லாமல் தேங்கிய தண்ணீரில் மிதக்கிற சின்னச் செடி. எங்கள் ஹாட்செக் பள்ளத்தாக்கில் டைனோசர்கள் மேய்ந்த காலத்தில் ஆற்றோரத் தேக்கங்களில் அது பாய் விரித்தாற்போல் கிடந்திருக்கிறது. ஆறு திசை மாறிப் போனது. சேறு இறுகிக் கல்லானது. இன்றைக்குச் சிபிஷெல் ஆற்றங்கரையில் சாம்பல் நிறப் பாறையாக நிற்கிறது. செடி போய்விட்டது, கசகசாவில் பாதிகூட இல்லாத அதன் வித்து மட்டும் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு உள்ளே இருக்கிறது.

பாறைக் கட்டிகளை நானும் இலின்காவும் கோணியில் சுமந்து வருவோம். அக்கா அவற்றைக் காயவைத்து, உடைத்து, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போடுவாள். மறுநாள் பார்த்தால் காப்பியில் விழுந்த ரஸ்க் மாதிரி கரைந்திருக்கும். பிறகு சல்லடைக்குக் கீழே சல்லடை வைத்து, தூறல் போலத் தண்ணீர் விட்டு அலசுவாள். எங்கள் ஆய்வுக்கூடம் முன்பு ஊராரின் பால் சேகரிக்கிற கட்டடமாக இருந்தது. "பாலுக்குக் கட்டின தொட்டியில சேறு கழுவிக்கிட்டு இருக்கேன், எங்கம்மா பார்த்தா அகப்பையால அடிப்பா" என்று சொல்லிக்கொண்டே அலசுவாள்.

சல்லடைகளை அவள் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. ஒரே ஒரு முறை கொடுத்தாள். தெருமுனைக் கடையில் வேலை பார்க்கும் டெனிசா, ஈஸ்டர் இனிப்பு ரொட்டிக்குக் கசகசா கழுவ நைசான சல்லடை ஒன்று வேண்டும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் ஒரு மாதம் டைனோசர் காலத்து ஆற்றிலிருந்து கசகசா வந்துகொண்டே இருந்தது. இலின்கா நுண்ணோக்கியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது ரொம்பப் புது வகை அக்கா, சர்க்கரை வாசனைகூட வருது" என்றாள். அக்கா அன்றைக்கு முழுக்க டெனிசாவோடு பேசவில்லை.

நான் எலும்புக்காரன். உடைந்து வரும் டைனோசர் எலும்புகளைச் சேர்த்து ஒட்டுவது என் பிழைப்பு. எங்கள் பள்ளத்தாக்கின் டைனோசர்கள் குள்ள இனம்தான். ஆனாலும் டைனோசர் டைனோசர்தானே. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் என் அறையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அக்காவின் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் கழிப்பறை எங்கே என்று கேட்பதற்குத்தான். நான் இதைச் சொல்லி அவளைச் சீண்டுவேன். "போடா, உன்னோடது எழவு வீட்டுச் சமாசாரம். என்னோடது கல்யாண வீடு" என்பாள்.

அவள் சொல்வது நிஜம். இந்தச் செடிக்கு இரண்டு வித வித்து. பெரியது பெண், சின்னது ஆண். இரண்டையும் செடி தண்ணீரில் கொட்டிவிடும். அப்புறம் அதனதன் பாடு. தண்ணீரிலேயே தேடிப் பிடித்துச் சேர வேண்டும். பெண் வித்துகளுக்கு அக்கா வைத்திருக்கும் பெயர்களை இலின்கா தன் கட்டுரைகளில் எழுத முடியாது. கழுத்து நீண்டவள் சாராயக் குப்பி. ஒரு பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருப்பவள் மூக்கி. உடம்பெல்லாம் நீள நீள முடியோடு இருப்பவள் தலைவிரிச்சவ. அந்த முடியை விரித்துப் போட்டுத்தான் அவள் தண்ணீரில் மிதந்து வரும் ஆணைப் பிடிப்பாளாம். "என்னா சாமர்த்தியம் பாரு. நாங்கள்லாம் அந்தக் காலத்துல நெடியா திருவிழாவுல டான்ஸ் ஆடிப் பிடிச்சோம். இவ சும்மா மிதந்துக்கிட்டே பிடிச்சிருக்கா."

தலைவிரிச்சவளைத் தூக்குவதுதான் கஷ்டம். தூரிகையால் தொட்டால் முடியோடு முடி சிக்கி முறிந்துவிடும். அதற்கு இமைமுடிதான் சரி என்று முன்னால் இருந்த பேராசிரியர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா முதலில் தன் இமையிலிருந்தே பிடுங்கிப் பார்த்தாள். வெளிர் முடி, தண்ணீர் பட்டதும் துவண்டது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் ரொமுலுஸ் மாமா நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை அவருக்கு. கன்றுக்குட்டிக்கு இருப்பது போல அடர்ந்து வளைந்த கரிய இமை. கல்யாணத்தன்றே பெண்கள் எல்லாம், "மாப்பிள்ளை இமையில பாதியை வெட்டிப் பொண்ணுக்கு ஒட்டுங்கடி" என்று பாடி ஓட்டியிருக்கிறார்கள். மீதிக் கதையை மாமா வாயால் கேட்க வேண்டும்.

"தேனீ கொட்டிருச்சுன்னு துள்ளி எந்திரிச்சேன். பார்த்தா இவ முடி பிடுங்குற சாமணத்தோட நிக்குறா. முகத்துல அப்படி ஒரு சந்தோசம். என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்குக்கூட இவ்வளவு சந்தோசப்படலை."

அதிலிருந்து அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஓர் இமைமுடிக்கு ஒரு தட்டு பாலாடைக்கட்டி அடை. முடி தேய்ந்து நுனி பிளந்ததும் அக்கா மாவு பிசைய ஆரம்பிப்பாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நல்ல முடி ஒன்று பல மாதம் உழைக்கும். அவளுக்கு எவர் கண்ணைப் பார்த்தாலும் இமையைத்தான் பார்க்கத் தோன்றும். மாட்டுத் தரகர் பல்லைப் பார்ப்பது போலத்தான். பாதிரியாரையும் விட்டுவைக்க மாட்டாள். "நல்ல நீளம், ஆனா வளைவு பத்தாது" என்று ஒரு ஞானஸ்நானத்தில் அவரிடமே சொன்னாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கன்னத்தில் இமைமுடி விழுந்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்து, ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, "மேலயா, கீழயா?" என்று கேட்பார். முடியின் சொந்தக்காரர் சரியாகச் சொன்னால் வேண்டுதல் அவருக்கு. தப்பாகச் சொன்னால் விரல்காரருக்கு. கண்ணை மூடி மனசுக்குள் வேண்டிக்கொண்டு ஊதிவிட வேண்டும். பிள்ளைகள் மட்டும் இல்லை, நாங்களும் செய்வோம். அக்காவுக்கு மட்டும் அது ஆகாது. எங்கள் முற்றத்தில் ஒரு பெண் குழந்தை ஊதப் போனபோது, "ஏ புள்ள, நல்ல முடியைக் காத்துல விடுறியா!" என்று பாய்ந்தாள். குழந்தை பயந்து அழுதுவிட்டது. "நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வேண்டுதல்கூட வேண்டுனது இல்ல தம்பி. என் வேண்டுதல் எல்லாம் இவ டப்பாவுக்குள்ளதான் கிடக்கு" என்று மாமா புலம்புவார்.

போன வருஷம் கோடையில் மாமாவுக்கு உடம்பு இளைத்தது. ரத்தத்தில் கெட்ட வியாதி என்றார்கள். திமிஷோவாரா ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒரு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில் என்று போய் வந்துகொண்டிருந்தார். முதலில் தலைமுடி போனது, அப்புறம் மீசை, அப்புறம் புருவம். கடைசியில் இமையும். கடைக்குப் போனால் அவரே ஆரம்பித்துவிடுவார்: "அவிச்ச முட்டைக்குக் கண்ணு வரைஞ்ச மாதிரி இருக்கேன் இல்ல, டெனிசா?" டெனிசா சிரிப்பாள், பிறகு உள்ளே போய் அழுவாள். அக்கா அவர் தலையில் தொப்பியை இழுத்து விடுவாள். "யோவ், பேசினது போதும், காத்து இழுக்குது, நட."

செப்டம்பரில் ஒரு நாள் குல்லா தொங்கியது தொங்கியபடியே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது சேதியோ என்று நான் அவள் கதவருகே போய் நின்றேன். மெதுவாகக் கதவு திறந்தது. அக்கா வாசலில் நின்று கிசுகிசுத்தாள்.

"தம்பி, இலின்காவுக்குப் போன் போடு. ஒருத்தி புருஷனோட வந்திருக்கா."

தலைவிரிச்சவ ஒருத்தி. அவள் விரித்த முடியில், பிடித்தது பிடித்தபடி, ஒரு சின்ன ஆண் வித்துக் கொத்து. இரண்டும் பிரியாமலே சேற்றில் புதைந்து, பிரியாமலே கல்லாகி, சோடாத் தண்ணீரிலும் சல்லடையிலும் பிரியாமல் அக்காவின் தட்டுத் தண்ணீருக்கு வந்திருந்தன. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு ஜோடி அதுவரை கிடைத்ததில்லை. இலின்கா அன்றைக்கே கிளம்பி வந்தாள். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தவள் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அதைப் படம் பிடிக்க வேண்டிய எலக்ட்ரான் நுண்ணோக்கி க்ளூஜில் இருக்கிறது. தட்டோடு எடுத்துப் போனால் மலைப்பாதைக் குலுக்கலில் ஜோடி பிரிந்துவிடும். இங்கேயே அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி, பசை தடவிய, கருவிக்குள் வைக்கிற அலுமினியப் பொத்தான் ஒன்றின் மேல் உட்காரவைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. தூக்கும்போது ஒரு முடி முறிந்தாலும் போச்சு. அக்கா ஒருத்தியால்தான் அது ஆகும். ஆனால் அவளிடம் கடைசியாக இருந்த இமைமுடி, ஜோடியைக் குப்பையிலிருந்து ஒதுக்கி எடுத்ததிலேயே நுனி பிளந்து போயிருந்தது.

நான் ஒரு மடத்தனம் கேட்டேன். "மாமாவுக்கு இமை கொட்டினப்போ ரெண்டு எடுத்து வைக்கலையா அக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. "தலையணை முழுக்கக் கிடந்துச்சுடா. அதை எடுப்பாங்களா? உறையோட கொண்டுபோய் வெளியில உதறிட்டேன். அந்த மனுஷன் குடுத்தா வாங்கிப்பேன். நோவு பிடுங்கிப் போட்டதை நான் கையால தொட மாட்டேன்."

எங்கள் ஊரில் ஒன்றும் மறைவாக இருக்காது. மறுநாளே அக்காவுக்கு இமைமுடி வேண்டுமாம் என்று கடையில் பேச்சு. பெண்கள் வந்தார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு காகித மடிப்போடு. ஒருவர் தன் கன்றுக்குட்டியின் இமைமுடியையே கொண்டுவந்துவிட்டார். டெனிசா நேரில் வந்து, "என்னோடதைப் பாருங்க அக்கா, ஊர்லயே இதுதான் நீளம்" என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உண்மையிலேயே நீளம், கறுப்பு, அழகான வளைவு. அக்காவுக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. குச்சியில் ஒட்டி, முதலில் ஒரு சாராயக் குப்பியைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்த பலகையில் இருந்த குப்பி முடியில் ஒட்டிக்கொண்டது, பிறகு எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல எங்கோ துள்ளிப் போயிற்று. இன்னொன்றைத் தொட்டாள், அதுவும் துள்ளியது.

"இது என்ன முடிடி?"

டெனிசா தலையைக் குனிந்துகொண்டாள். "ஹுனெடுவாராவுல பார்லர்ல ஒட்டிவிட்டாங்க அக்கா. நைலான்."

நைலான் உரசினால் மின்சாரம் ஏறிக்கொள்ளும். நானும் இலின்காவும் டெனிசாவும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் டார்ச்சோடு தரையில் மண்டியிட்டுத் தேடினோம். அக்கா அசையாமல் நின்று, "யாரும் மூச்சு விடாதீங்க" என்றாள். ஒரு குப்பி அவள் கம்பளிச் சட்டையின் கைமடிப்பில் கிடைத்தது. இன்னொன்று இன்றுவரை கிடைக்கவில்லை.

இலின்கா கடைசியில் தன் இமையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். அது நல்ல முடி. நான் அருகில் நின்று பார்த்தேன். அக்கா அதை வைத்து மூன்று நான்கு தலைவிரிச்சவளைத் தூக்கினாள், ஒன்றுகூட முறியவில்லை. பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சரியா வரலை டாக்டரம்மா. வளைவு பத்தலை."

"நல்லாத்தானே தூக்குனீங்க அக்கா?"

"ஒத்தையா இருந்தாத் தூக்கிடலாம். ஜோடிக்கு ஆகாது."

பொய் சொல்வது அவளுக்கு வராது, காது சிவந்துவிடும். இலின்காவுக்கு மே மாதம் மாநாடு. இதே வேலையை வேறு நாட்டிலும் ஆட்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். க்ளூஜ் கருவியில் முறை கிடைக்க அவள் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அக்கா தட்டுக்குக் கண்ணாடி மூடி போட்டாள்.

"அவருக்கு முளைக்கட்டும். முளைச்சதும் அதை வெச்சுத் தூக்கித் தர்றேன். அதுவரைக்கும் இதுக ரெண்டும் இங்கயே இருக்கட்டும்" என்றாள். பிறகு, அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை: "முளைக்கும். முளைக்காமப் போகுமா?"

இலின்கா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "முளைக்கும் அக்கா. க்ளூஜ்ல நான் சொல்லிக்கிறேன்" என்றாள். தாழ்வாரத்தில் என்னைத் தாண்டும்போது மூக்கைச் சிந்தினாள். தன் முறையை அவள் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தாள். பனிக்காலத்தில் இன்னொரு முறையையும் விட்டுக்கொடுத்தாள்.

ஜோடி இருந்த தட்டு அலமாரியில் எட்டாத உயரத்தில் இருந்தது. காலையில் வந்ததும் அக்கா அதை இறக்கிப் பார்ப்பாள், வற்றிய அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விடுவாள், மூடி வைப்பாள். அதற்கப்புறம்தான் கோட்டைக் கழற்றுவாள். மாமாவின் உடம்பு ஒரு வாரம் தேறும், மறு வாரம் சரியும். அக்கா அதைப் பற்றிப் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். அவள் தட்டை இறக்கி வைக்கிற விதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

ஜனவரியில் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்தால் தெம்பு இல்லாத உடம்பு, தாங்காது என்று பயந்தார்கள். ஆம்புலன்ஸில் அவரோடு ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்து, "தட்டு வத்திடாமப் பார்த்துக்கடா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எத்தனையோ வருஷமாகப் பக்கத்து அறையில் இருக்கிறேன், அவள் நுண்ணோக்கியில் நான் சரியாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை. பொடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொட்டு விட்டுவிட்டு, சரியாகத்தான் விட்டேனா என்று பார்க்கக் குனிந்தேன். வெளிச்சத்தில் அவள் இருந்தாள். உருண்டையான கறுப்பு உடம்பு, அதைச் சுற்றி அலைந்து கலைந்த முடி, அந்த முடிக்கொத்துக்குள் தொற்றிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு உருண்டை. வெள்ளம் எத்தனை வந்திருக்கும், என் டைனோசர்கள் எத்தனை மிதித்துப் போயிருக்கும். விடவில்லை. நிமிர்ந்த பிறகுதான் இத்தனை நேரம் நான் மூச்சு விடவில்லை என்று தெரிந்தது. எழுந்து போய்க் குல்லாவைக் கதவில் மாட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

இரண்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, தண்ணி விட்டியா?"

"விட்டேன் அக்கா."

"ரெண்டும் சேர்ந்துதான இருக்கு?"

"சேர்ந்துதான் இருக்கு."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஏதோ வண்டி உருளும் ஒலி மட்டும் வந்தது.

"மாமாவுக்கு எப்படி இருக்கு அக்கா?"

"தூங்குறாரு. பக்கத்துல சன்னலைத் திறந்து வெச்சிருந்தாங்க, நான்தான் சாத்தினேன்" என்றாள். தினமும் அதே நேரத்துக்குப் போன் வந்தது, தினமும் அதே கேள்வி. ஒரு நாள் நான் போனை எடுத்ததும் அவளுக்குப் பதில் மாமாவின் குரல் கேட்டது. கம்மிப்போன குரல். "எலும்பா, என் பொண்டாட்டி உன்கூட என்னடா தினமும் ரகசியம் பேசுறா?" நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன்.

மார்ச்சில் அவர் வீட்டுக்கு வந்தார். ரத்தம் சுத்தமாகிக்கொண்டு வருகிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். தலையில் பீச்சுப் பழத்து ரோமம் போல முதலில் ஏதோ படர்ந்தது. டெனிசா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சேதி சொன்னாள். "புருவம் வந்திருச்சு." பிறகு ஒரு வாரம் கழித்து, தெருவே கேட்கும்படி: "இமை முளைச்சிருக்கு! நான் என் கண்ணால பார்த்தேன்!" இலின்காவுக்கு நான்தான் போன் செய்தேன். அவள் மூன்றாவது முறையாகக் க்ளூஜ் கருவிக்குப் பெயர் கொடுத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், எங்கள் முற்றத்தில் பிளம் மரம் பூத்திருந்தது. இலின்கா அலுமினியப் பொத்தானோடு வந்திருந்தாள். மத்தியானம் மாமா தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, அடைத் தட்டோடு, தடியை ஊன்றி நடந்தே வந்தார். மரத்தடி மேசையில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். டெனிசா தன் நைலான் இமை கழன்று சூப்பில் விழுந்த கதையைச் சொன்னாள். மாமா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்து, புறங்கையால் துடைத்துக்கொண்டார். கையை எடுத்ததும் எல்லோரும் பார்த்துவிட்டோம். அவர் கன்னத்தில், வெயிலில், வளைந்து கரியதாக ஓர் இமைமுடி.

முதலில் எழுந்தது இலின்கா. ஓடிப்போய் அக்காவின் அறைச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். நான் பல்குச்சி டப்பாவையும் பசையையும் எடுத்து வந்து மேசையில் வைத்தேன். மாமா அசையாமல் முகத்தை அக்கா பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கடி. இது நானே குடுக்குறது. நோவு குடுத்தது இல்ல."

அக்கா விரல் நுனியை நாக்கில் ஈரம் பண்ணிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். தொட்டதே தெரியாமல் முடி அவள் விரலுக்கு வந்துவிட்டது. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். நீளம், வளைவு, எல்லாம் பழையபடி. பிறகு ஆள்காட்டி விரல் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மேலயா, கீழயா?"

மாமாவுக்குப் புரியவில்லை. "என்னடி?"

"கேக்குறேன்ல? மேலயா, கீழயா?"

"அடியே, உன் ஜோடி காத்துக்கிட்டு இருக்கு."

"ஏழு கோடி வருஷம் இருந்ததுக. இன்னொரு முடிக்கு இருக்காதா? அடுத்தது அதுகளுக்கு. சொல்லுய்யா."

"கீழ" என்றார் மாமா.

அக்கா விரலைப் பிரித்தாள். முடி மேலே, கட்டை விரலில் இருந்தது. வேண்டுதல் அவளுக்கு. தலையிலிருந்த சிவப்புக் குல்லாவைக் கழற்றி மாமாவின் மடியில் வைத்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கன்னம் உப்ப மூச்சை இழுத்து, ஊதினாள்.